பாஸ் ஓவர் முடிந்த பிறகும் வேலை முடியவில்லையா? தோட்டப்புறப் பட்டணத்து மிஸ்ஸிகளுக்கு

எங்கள் பட்டணத்தில் மிஸ்ஸிக்கு வேலை பிற்பகல் 2 மணிக்கு முடிவதில்லை. பாஸ் ஓவர் கொடுத்து (அடுத்த ஷிப்ட்காரரிடம் வார்டை ஒப்படைத்து), கை கழுவி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போனால் அங்கேயே ஓர் அக்கா முழங்கையைப் பிடித்து, "மிஸ்ஸி, எங்க மாமனாருக்கு இன்னைக்கு ஸ்கேன் எடுத்தாங்களே, என்னவாம்?" என்பார். வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பாட்டி பிரஷர் பார்க்க உட்கார்ந்திருப்பார். போனில் யாரோ ஒரு சொந்தக்காரர் அனுப்பிய இரத்தப் பரிசோதனைத் தாளின் படம் காத்திருக்கும். சுற்றிலும் செம்பனை, நடுவில் இரண்டு வரிசைக் கடை, ஓர் ஆஸ்பத்திரி, ஒரு மாரியம்மன் கோவில். பேராக்கில் இப்படிப்பட்ட ஒரு ஊரில் இருந்துகொண்டு, இதே மாதிரி ஊர்களில் வேலை செய்யும் தாதியருக்காக இதை எழுதுகிறேன்.

நான் 22 வருடமாக வார்டில் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் மெடிக்கல் வார்டு. அம்மா பால் மரம் வெட்டியவர். வேலை அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி எத்தனையோ பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். மெழுகுவத்தி ஏற்று, ஸ்பாவுக்குப் போ, சுற்றுலா போ என்பார்கள். மூன்று நைட் முடித்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவளுக்கு அதெல்லாம் எதற்கு? எனக்கும் என்னுடன் வேலை செய்தவர்களுக்கும் உண்மையிலேயே கைகொடுத்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில், வேலையால் இப்படிச் சோர்ந்துபோவது உங்கள் பலவீனம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் இந்த மாதிரியான வேலைச் சோர்வை நோய் என்று சேர்க்கவில்லை. வேலையிடத்தில் நாள்கணக்கில் தீர்க்கப்படாமல் கிடக்கும் அழுத்தத்தின் விளைவு என்றே விளக்கியது. மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: உடம்பிலும் மனதிலும் தெம்பு வற்றிப்போவது, வேலை மீதே கசப்பு வந்து மனம் விலகிப்போவது, நான் செய்வதால் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். முதலாவது எல்லாருக்கும் தெரியும், ஓஃப் நாளில் தூங்கினால் கொஞ்சம் சரியாகும். நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டாவதை. கட்டிலில் இருப்பவரைப் பெயர் சொல்லாமல் "14ஆம் கட்டில்" என்று அவசரத்தில் எல்லாரும்தான் சொல்கிறோம். ஆனால் அவர் பெயரைத் தெரிந்துகொள்ளவே மனம் வராத நாள் ஒன்று வரும். அந்த நாள் வந்தால் தேதியைக் குறித்து வையுங்கள். கீழே சொல்வதை அன்றே தொடங்குங்கள்.

பாக்கெட்டில் இருக்கும் தாள்

எல்லார் பாக்கெட்டிலும் ஒரு தாள் இருக்கும். என்னுடையது நான்காக மடித்தது. இடது பக்கம் கட்டில் நம்பர், அதற்கு நேராக யாருக்கு எத்தனை மணிக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், எந்த ட்ரிப் எப்போது முடியும், யாருடைய பிரானுலாவை (ட்ரிப் ஏற்றும் ஊசிக்குழாயை) மாற்ற வேண்டும், எந்தக் குடும்பத்துக்குப் போன் பண்ண வேண்டும். முடிந்ததை நீலப் பேனாவால் அடிப்பேன். ஷிப்ட் முடியும்போது அடிக்கப்படாத வரி இரண்டு மூன்றாவது இருக்கும், டெங்கி சீசனில் அதற்கும் மேலே.

பாஸ் ஓவரின் கடைசியில் அந்தத் தாளை எடுத்து, அடிக்காத வரிகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு அடுத்த ஷிப்ட்காரரிடம் சொல்லுங்கள். "இது நான் செய்யவில்லை, நேரம் இல்லை" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அது அவர் கைக்குப் போய்விட்டது. அப்புறம் தாளை நான்காகக் கிழித்து, நோயாளி விவரம் உள்ள காகிதங்களைப் போடும் தொட்டியில் போடுங்கள். யார் பெயரும் வெளியே போகக் கூடாது என்பதால் எப்படியும் செய்ய வேண்டியதுதான் இது. எனக்கு அந்தக் கிழிபடும் சத்தம்தான் வேலை முடிந்த மணி. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் யூனிஃபார்மோடு துவைத்த காலத்தில் இரவு 11 மணிக்கு அடுப்படியில் நின்று, அந்த இன்சுலினைக் கொடுத்தேனா, கையெழுத்துப் போட்டேனா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இப்போதும் எப்போதாவது அப்படி வரும். வந்தால் படுத்துப் புரளாதீர்கள், வார்டுக்கு ஒரே ஒரு போன் போடுங்கள். "அக்கா, 9ஆம் கட்டில் சார்ட்டைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள், யாரும் திட்ட மாட்டார்கள். எல்லாருக்கும் நடப்பதுதானே. ஒரு நிமிடத்தில் தீர்வதற்கு மூன்று மணி நேரத் தூக்கத்தைக் கொடுக்க வேண்டாம்.

வண்டி நிறுத்தும் இடத்தில் உடனே ஸ்டார்ட் பண்ணாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள், பத்துத் தடவை. மூச்சை நீட்டி விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்கும். நாம் படித்ததுதான், நமக்கென்று செய்துகொள்வதில்லை.

ஊர்க்காரர்களிடம் என்ன சொல்வது

நம் பெரியவர்கள் டிரஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) காலத்தை மறக்கவில்லை. அவர் தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்தார். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் போய்க் கதவைத் தட்டலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, சனங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்தபோது டிரஸர் இல்லாமல் போனார், தட்டும் பழக்கம் மட்டும் கூடவே வந்தது. அவர்கள் தட்டுவதில் தப்பு இல்லை, உரிமையோடுதான் தட்டுகிறார்கள். ஆனால் விடிந்தால் 28 கட்டில் உள்ள வார்டுக்குப் போக வேண்டியவள் நீங்கள்.

எனவே மொத்தமாக மறுக்காதீர்கள், நேரம் குறியுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை மாலை 5லிருந்து 6 வரை என்று வைத்தேன். வாசலில் ஒரு நாற்காலி, பிரஷர் மிஷின், ஒரு நோட்டு. மற்ற நாளில் வந்தால் "பாட்டி, ஞாயித்துக்கிழமை வாங்க, மயக்கமா இருந்தா, நெஞ்சு வலிச்சா இப்பவே எமர்ஜென்சிக்குப் போங்க" என்று சொல்வேன். முதல் இரண்டு மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னிடம் பேசவில்லை. அது வலித்தது, மறைக்க மாட்டேன். பிறகு அவரே மற்றவர்களிடம் "ஞாயித்துக்கிழமதான் பார்ப்பா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வார்டில் இருக்கும் நோயாளியைப் பற்றி மார்க்கெட்டில் கேட்டால் ஒரே பதிலை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். "அக்கா, வெளிய வந்து நான் சொல்லக் கூடாது, என் லைசென்சுக்கே ஆபத்து, நாளைக்குக் காலைல டாக்டர் ரவுண்ட்ஸ் வரப்ப நீங்களே கேளுங்க." இது சாக்கு இல்லை. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது தாதியர் வாரியத்தின் நடத்தை நெறியில் உள்ளது. சிறிய ஊரில் யாருக்கு எய்ட்ஸ், யாருக்குக் கரு கலைந்தது என்பது ஒரு வார்த்தையில் மானத்தைப் போக்கிவிடும். சொல்லாமல் இருப்பதால் உங்கள் மனச்சுமையும் குறைகிறது. மார்க்கெட்டில் பதில் சொல்ல ஆரம்பித்தால் மீன் வாங்கும் பத்து நிமிடமும் வார்டாகிவிடும்.

நைட்

நைட் 9 மணியிலிருந்து காலை 7 வரை. விடியற்காலை 3லிருந்து 5 வரை உடம்புச் சூடும் கவனமும் மிகவும் கீழே போகும் நேரம், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும். அந்த நேரத்தில் டோஸ் கணக்கைத் தனியாகப் போடாதீர்கள், பக்கத்து வார்டில் இருந்தாவது ஒருவரைக் கூப்பிட்டுச் சரிபாருங்கள். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும், அதனால் கடைசி கோப்பி 2 மணிக்கு முன்னால். 3 மணிக்கு மெகியும் இனிப்பு தே ஐசும் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் யாருக்கு இனிப்புநீர் இல்லை சொல்லுங்கள்? இரவில் சர்க்கரையைக் கையாளும் சக்தி உடம்புக்குக் குறைவு. வரும் முன் வீட்டில் சோறு சாப்பிட்டுவிடுங்கள், நடுவில் அவித்த முட்டை, வாழைப்பழம், கடலை போதும்.

வீடு திரும்பும் பயணம்தான் எனக்குப் பெரிய பயம். தோட்டத்துச் சாலையில் காலைப் பனி, எதிரே குலை ஏற்றிய லோரி, கண் இமை ஒட்டும். என்னுடன் வேலை செய்த ஒரு தங்கை நைட் முடிந்து போகும் வழியில் வண்டியோடு கால்வாயில் விழுந்தாள்; தோள்பட்டை எலும்பு முறிந்தது, விழுந்ததே நினைவில்லை என்றாள். கடந்து வந்த ஒரு கிலோமீட்டர் உங்களுக்கு ஞாபகத்தில் இல்லை என்றால் நீங்கள் ஏற்கெனவே தூங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள். கிளம்பும் முன் ஓய்வறையில் 20 நிமிடம் அலாரம் வைத்துக் கண் மூடுங்கள். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் போய், எழுந்ததும் இன்னும் தள்ளாடும். எழுந்த பிறகும் பத்து நிமிடம் நடந்துவிட்டு வண்டியை எடுங்கள். முடியாவிட்டால் வீட்டுக்குப் போன் பண்ணி யாரையாவது வரச் சொல்லுங்கள், அது ஒரு குறைச்சலும் இல்லை.

பகல் தூக்கத்தை ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 11 மணிக்குத் தகரக் கூரை கொதிக்க ஆரம்பிக்கும், ரொட்டிக்காரர் ஹார்ன் அடிப்பார், கோவிலில் ஒலிபெருக்கி போடுவார்கள். எனக்குச் சரிப்பட்டது இரண்டாகப் பிரிப்பது: காலை 8 முதல் 12 வரை, பிறகு மாலை 5.30லிருந்து 7 வரை. சன்னலுக்குக் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக ஆணி அடித்து மாட்டுங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள். மாமியாரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். பகலில் தூங்குகிறவள் சோம்பேறி இல்லை, அவர் பேரப்பிள்ளைக்கு மருந்து அளந்து கொடுக்கும் கை அது என்று சொன்னால் புரிந்துகொள்வார். என் மாமியார் கேட்டில் மாட்ட அட்டையே எழுதிக் கொடுத்தார்.

ரோஸ்டரில் பண்டிகையை இப்போதே பேசி வையுங்கள். "உனக்கு ராயாவுக்கு நான் நிற்கிறேன், எனக்குத் தீபாவளிக்கு நீ நில்" என்று மலாய்க்காரத் தோழியிடமும், சீனப் பெருநாளுக்கு அதே மாதிரியும். எழுதி, வார்டுப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

"மிஸ்ஸி, வந்து தமிழில் சொல்லு"

இதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஷிப்டில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், உங்கள் எட்டு நோயாளியோடு வார்டில் உள்ள எல்லாத் தமிழ்ப் பாட்டி தாத்தாவும் உங்களுடையவர்கள். டாக்டர் கூப்பிடுவார், பக்கத்து வார்டு கூப்பிடும், காலை வெட்டி எடுக்க வேண்டும் என்பதைக்கூட நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு தாத்தா, 40 வருடம் பால் வெட்டியவர், சர்க்கரைப் புண்ணால் பாதத்தை எடுக்க வேண்டும் என்று நான் தமிழில் சொன்னபோது என் முகத்தையே பார்த்து, "நீ சொல்றியே தாயி, நீயே சொல்றியா" என்றார். முடிவு எடுத்தவர் டாக்டர், ஆனால் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. அது பல நாள் என்னோடு இருந்தது.

செய்ய வேண்டியது இரண்டு. கெட்ட செய்தியை மொழிபெயர்க்கும்போது டாக்டரை நாற்காலியில் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், "டாக்டர் சொல்றாங்க" என்று தொடங்குங்கள், முடிந்ததும் அவர் எழுந்து போகும் முன் நோயாளியின் கேள்வியை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அப்புறம், மொழிபெயர்க்கப் போன நேரத்தைக் குறித்து வைத்து மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். நான் ஒரு மாதம் குறித்தேன், பல ஷிப்டுகளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. அதைக் காட்டிய பிறகுதான் எனக்குக் கட்டில் எண்ணிக்கையை ஒன்று குறைத்தார்கள்.

தப்பு நடந்த அன்று

முன்பு நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரே பெயரில் இரண்டு பாட்டிகள் எதிரெதிர்க் கட்டிலில் இருந்தார்கள். தோட்டத்துப் பெயர்கள் அப்படித்தான், தெரியுமே. ஒருவருடைய பிரஷர் மாத்திரையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கவுண்டரில் சொந்தக்காரர்கள் முன்னால் என்னை நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்விகள் ஒரு மாதம் தூங்க விடவில்லை. 2000ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க டாக்டர் இப்படிப்பட்டவர்களை இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று எழுதினார்; முதலில் பாதிக்கப்படுவது நோயாளி, அடுத்தது தப்பு செய்தவர். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிய வந்தது.

தப்பு நடந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், நோயாளியைக் கவனியுங்கள், இன்சிடென்ட் ரிப்போர்ட் போடுங்கள். அன்றே, வீட்டுக்குப் போகும் முன், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று உங்களுக்காகவும் எழுதி வையுங்கள், ஏனென்றால் நான்கு நாள் கழித்து மனம் உண்மையில் நடந்ததைவிட மோசமான ஒன்றை உங்களுக்குக் காட்டும். அப்புறம் ஒரே ஒருவரிடம் முழுவதையும் பேசுங்கள், உங்களைவிட மூத்தவராக இருந்தால் நல்லது. வாட்சாப் குரூப்பில் வேண்டாம்.

சொந்தக்காரர்கள் கத்தும்போது குரலைத் தாழ்த்துங்கள், கதவுப் பக்கம் நில்லுங்கள், அடுத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். கை வைத்தால் போலீஸ் ரிப்போர்ட். அரசாங்க ஊழியரைக் கடமையின்போது தாக்குவது தண்டனைச் சட்டம் 353ஆம் பிரிவில் குற்றம். ஊருக்குள் முகம் பார்க்க வேண்டுமே என்று விட்டுவிடாதீர்கள்.

மூச்சுப் பயிற்சியால் தீராதது

ஆள் பற்றாக்குறையை எந்த மூச்சுப் பயிற்சியும் சரிசெய்யாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் 2024 கடைசியில் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45ஆக்கும் பேச்சு வந்தபோது எத்தனை பேர் கொதித்தோம் என்று நினைத்துப் பாருங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைத் தெரிந்து வைத்திருங்கள். 2023 சனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்சம், இடைவிடாமல் பார்க்க வேண்டிய எட்டு மணி நேர வேலையிலும் மொத்தம் 45 நிமிடம் சாப்பிட நேரம் தர வேண்டும். சாப்பிடாமல் நின்ற நாட்களைத் தேதி, நேரம், கட்டில் எண்ணிக்கையோடு எழுதி வையுங்கள். "ரொம்ப வேலை சிஸ்டர்" என்றால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள், "இந்த மாதம் ஒன்பது ஷிப்டில் சாப்பிடவில்லை" என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டு வாரமாக வேலைக்குக் கிளம்பும் முன் அழுகை வருகிறது, ஓஃப் நாளிலும் தூக்கமில்லை, ஒருவர் இறந்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, 24 மணி நேரமும் உள்ள கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு 03-76272929.

நம் ஊரில் மனசு சரியில்லை என்றாலே தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, அதனால் எங்கள் பட்டணத்தில் காட்டாமல் இரண்டு ஊர் தள்ளியிருந்த கிளினிக்குக்குப் போனேன், யூனிஃபார்ம் இல்லாமல், காலை முதல் ஆளாக. அந்த டாக்டர் 40 நிமிடம் கேட்டார். ஒரு வாரம் எம்.சி. கொடுத்தார், திரும்பி வந்தபோது இரண்டு மாதம் நைட் வேண்டாம் என்று கடிதம் எழுதினார். கடிதத்தைச் சிஸ்டரிடம் நீட்டும்போது கை நடுங்கியது. அவர் படித்துவிட்டு, மேசை டிராயரில் வைத்து, "எனக்கும் ஒரு தடவை இப்படி எழுதிக் கொடுத்தாங்க" என்று சொல்லி ரோஸ்டரை எடுத்தார்.